டிக்கிக்குள் இடி

பெசன்ட் நகர் ஆறாவது அவென்யூவில் இரவு பத்தரை மணிக்கு மேல் கடலைப் பார்த்தபடி ஒரு கார் வந்து நின்றால், அதை முதலில் கண்டுபிடித்துச் சொல்வது சமையலறை அலமாரியில் கவிழ்த்து வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளர். மெல்லிசாக ஒரு நடுக்கம். பிறகு ஜன்னல் கண்ணாடி. அதற்கப்புறம்தான் ‘தும்... தும்... தும்...’ என்று காதுக்கு ஏதோ எட்டும். என்ன பாட்டு, யார் பாடுகிறார்கள், எந்த மொழி, ஒன்றும் பிடிபடாது. சொல்லும் ராகமும் காருக்குள்ளேயே தங்கிவிட, அடி மட்டும் தெருவைத் தாண்டி மாடி ஏறி வந்துவிடுகிறது.

அந்தக் காரின் சொந்தக்காரருக்கும் ஒரு குறை உண்டு. “அண்ணே, சப்-ஊஃபர் செம்மயா அடிக்குதுண்ணே. ஆனா பின்னாடி ஏதோ லடலடன்னு ஆடிக்கிட்டே இருக்கு” என்று அவர் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் ஏதாவது ஒரு கடை வாசலில் நிற்பார். அண்ணா சாலையை ஒட்டிய அந்தத் தெருதான் சீட் கவர், சன் ஃபிலிம், ஸ்பீக்கர், ஆம்ப் என்று கார் சாமான்களுக்குச் சென்னையின் சந்தை. கடைக்காரர் காரைச் சுற்றி வந்து கதவை விரல் முட்டியால் தட்டுவார். டொங்கென்ற சத்தம். “வெறும் தகரம் தம்பி. ஷீட் ஒட்டணும்” என்பார். ஷீட் ஒட்டினால் ஆட்டம் நிற்கும். ஆட்டம் நின்றதும், இனி அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவில்லை என்று வண்டிக்காரர் நம்பிவிடுவார்.

அங்கேதான் சிக்கல். காரின் தகரம் ஆடுவது ஒரு கோளாறு. தெரு அதிர்வது வேறொரு கோளாறு. முதலாவதைச் சரிசெய்யக் கடையில் சாமான் கிடைக்கிறது. இரண்டாவதற்கு எந்தக் கடையிலும் சாமான் கிடையாது. பெசன்ட் நகரில் இது குறித்து நடக்கிற சண்டைகளில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருகிறவை.

நெஞ்சில் அடிக்க வேண்டும்

பேஸ் என்கிற அந்த அடிச்சுருதியின் பிரியர்களைத் திட்டுவதற்கு முன்னால் அவர்கள் எதற்காக இதைத் தேடுகிறார்கள் என்று பார்த்துவிடலாம். நம் ஊரில் இந்த ருசி காரோடு வந்ததில்லை. தவிலின் தொப்பிப் பக்கம், உருமியின் உறுமல், தெருமுனையில் பறை திரும்பும்போது வயிற்றில் விழும் அடி, எல்லாமே காதைவிட உடம்புக்குச் சொல்லப்படுகிற செய்திகள். சினிமாப் பாட்டில் பேஸ் கிடாருக்கென்று தனியாக ஒரு மெட்டே போட்டுக் கொடுத்தவர் இளையராஜா. கேசட் காலத்து அம்பாசடர் ஸ்பீக்கரில் அதில் பாதிகூடக் கேட்டிருக்காது. 1992-ல் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரஹ்மான் வந்த பிறகு அடிச்சுருதி இன்னும் கீழே இறங்கியது. அமெரிக்க ஹிப்-ஹாப் வழியாக உலகெங்கும் பரவிய ரோலண்டு டி.ஆர். 808 என்கிற 1980-ஆம் ஆண்டு டிரம் மெஷினின் நீண்ட ‘பூம்’, இன்று நம் குத்துப்பாட்டுகளிலும் சர்வசாதாரணம். பாட்டை உருவாக்குகிறவர்களே 40 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 40 அதிர்வு) வரை அடி வைக்கும்போது, அதைக் கேட்கும் பெட்டி வேண்டுமென்று 22 வயதுக்காரர் நினைப்பதில் தப்பில்லை.

விஞ்ஞானமும் அவர் பக்கம் கொஞ்சம் பேசுகிறது. 2000-ஆம் ஆண்டில் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் நீல் டாட், ஃபிரெடரிக் கோடி இருவரும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 90 டெசிபலுக்கு மேல் போகிற நடன இசை, காதின் கேட்கும் பகுதியோடு நிற்காமல், உடம்பின் சமநிலையைப் பார்த்துக்கொள்ளும் உள்காதுப் பகுதியையும் தூண்டுகிறது என்பது அதன் சாரம். ஊஞ்சலில் ஆடும்போது வருகிற சுகத்துக்கும் பேஸ் தருகிற சுகத்துக்கும் வாசல் ஒன்றாகவே இருக்கலாம் என்கிறார்கள். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2022-ல் வெளியான இன்னொரு ஆய்வு இன்னும் சுவாரசியம். உண்மையான ஓர் இசை நிகழ்ச்சியில், காதுக்குப் பிடிபடாத மிகத் தாழ்ந்த அதிர்வைச் சொல்லாமல் கொள்ளாமல் போட்டும் நிறுத்தியும் பார்த்தார்கள். அது ஓடிய நேரங்களில் கூட்டத்தின் ஆட்டம் சுமார் 12 சதவீதம் கூடியது. கேட்கவே கேட்காத பேஸ் ஆட வைக்கிறது. கேட்காத பேஸ் அடுத்த வீட்டுக்காரரைத் தூங்கவிடாமலும் செய்யும் என்பது இதன் மறுபக்கம்.

காருக்குள் காற்றின் கதை

40 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் ஏறத்தாழ எட்டரை மீட்டர். ஒரு சிறிய காரின் உள்கூடு இரண்டரை மீட்டர் இருந்தால் அதிகம். அந்த அலை உள்ளே நீட்டி நிமிர்ந்து ஓட இடமே இல்லை. அதனால் ஸ்பீக்கரின் கோன் முன்னால் வரும்போது கூட்டுக்குள் இருக்கும் மொத்தக் காற்றும் ஒரே சேர அமுங்குகிறது. பின்னால் போகும்போது ஒரே சேர விரிகிறது. வீட்டு ஹாலில் முக்கி முனகும் அதே சப்-ஊஃபர், காரின் டிக்கியில் வைத்தால் நெஞ்சை அடைப்பது இதனால்தான். சுமார் 60, 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகச் சின்னக் கூடு இலவசமாகவே பேஸைக் கூட்டிக் கொடுக்கிறது.

இலவசத்துக்கும் ஒரு விலை உண்டு. அமுங்குகிற காற்று கூரையைத் தள்ளும், கதவைத் தள்ளும், பின்கண்ணாடியைத் தள்ளும். எவ்வளவு தள்ளும் என்று ஒரு கணக்குப் போடலாம். 12 இஞ்ச் சப் ஒன்று, அதற்கேற்ற ஆம்ப் ஒன்று, உள்ளே 130 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். காற்றழுத்தத்தின் உச்சம் சதுர மீட்டருக்கு 90 நியூட்டன் அளவுக்கு வரும். கூரை இரண்டு சதுர மீட்டர் என்றால் ஏறக்குறைய 18 கிலோ எடையின் விசை. அது ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகட்டை ஒரு வினாடிக்கு 40 முறை மேலே தள்ளிக் கீழே இழுக்கிறது. இதில் லடலடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

கடற்கரையில் காரை நிறுத்தி நான்கு கதவையும் டிக்கியையும் திறந்துவிட்டுப் பாட்டுப் போடுகிற வழக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. நண்பர்களோடு பகிர்ந்து கேட்பதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள், நல்ல மனசு. ஆனால் கதவு திறந்த அந்த நொடியே கூடு என்பது இல்லாமல் போகிறது. இலவசமாய்க் கிடைத்த பேஸ் காணாமல் போகிறது. “என்னடா, சப்பே கேக்கல” என்று வால்யூமைத் திருகுகிறார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறைவான இன்பம், வெளியே இருப்பவர்களுக்கு முன்னைவிட அதிகத் துன்பம். பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்சின் வார இறுதி இரவுகளில் அடிக்கடி நடக்கிற, யாருக்குமே லாபமில்லாத வியாபாரம் இது.

ஆடுவது எது?

லடலடப்பைத் தேடிப் பிடிப்பது பொறுமையான வேலை. நல்ல மெக்கானிக் முதலில் ஷீட்டை விற்கமாட்டார். ஒரு சீரான ஒலியை 20 ஹெர்ட்ஸிலிருந்து 100 வரை மெதுவாக ஏற்றுகிற டிராக் ஒன்றைப் போனிலிருந்து ஓடவிடுவார். ஒவ்வொரு பாகத்துக்கும் அதற்கென்று ஒரு சுருதி உண்டு. அந்தச் சுருதி வரும்போது அது மட்டும் எழுந்து ஆடும், தாண்டியதும் அடங்கிவிடும். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் இருந்து, சத்தம் வரும் இடத்தைக் கையால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தினதும் நின்றால் திருடன் அகப்பட்டான்.

பெரும்பாலும் அகப்படுகிறவை சில்லறைத் திருடர்கள். சில்லறை என்றால் நிஜமாகவே சில்லறை: டோல்கேட்டில் வாங்கி கப் ஹோல்டரில் போட்ட காசு. டேஷ்போர்டு பெட்டிக்குள் உருளும் டார்ச். டிக்கி அடியில் ஸ்டெப்னியோடு கிடக்கும் ஜாக்கியும் ஸ்பேனரும். பின் சீட்டில் யாரும் இல்லாதபோது பக்கவாட்டு பிளாஸ்டிக்கில் இடிக்கிற சீட் பெல்ட் கொக்கி. ஹாட்ச்பேக் வண்டிகளில் பின்கண்ணாடிக்கு அடியில் இரண்டு கயிற்றில் தொங்கும் தட்டு. அட்டையும் பிளாஸ்டிக்குமாக அதுவே ஒரு டிரம். டேஷ்போர்டில் இரண்டு பக்க டேப் போட்டு உட்கார்த்திய பிள்ளையார், டேப் உலர்ந்த பிறகு 50 ஹெர்ட்ஸில் தாளம் போட ஆரம்பித்துவிடுவார். புது டேப் மாற்றினால் அமைதியாகிவிடுவார்.

அடுத்து நம்பர் பிளேட். அலுமினியத் தகடு, பின்னால் காலி இடம், அதற்குப் பின்னால் டிக்கி கதவின் இன்னொரு தகடு. இதைவிட நல்ல கஞ்சிரா கிடைக்காது. முன்பெல்லாம் இரண்டு ஸ்க்ரூவைக் கழற்றி ரப்பர் வாஷர் போட்டால் முடிந்தது. 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயம். ஒருமுறை பூட்டினால் உடைக்காமல் கழற்ற முடியாத பூட்டு அதில். அதை உடைத்துக்கொண்டு ஆர்.டி.ஓ. வாசலில் நிற்க வேண்டியதில்லை. மெல்லிய ஸ்பாஞ்சுப் பட்டையை ஓரத்திலிருந்து இடுக்கில் செருகினாலே பெரும்பாலும் போதும்.

டிக்கி மூடியின் ஓரங்களில் திருகிவைத்த ரப்பர் முட்டுகள் இரண்டு இருக்கும். நாள்பட அவை அமுங்கிப்போயிருக்கும். அரைச்சுற்று வெளியே திருகிவிட்டால் மூடி இறுக்கமாக உட்காரும். பைசா செலவில்லை. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பெசன்ட் நகர் வண்டிகளுக்கென்று தனியாக ஒரு கோளாறும் உண்டு: உப்புக்காற்று. கடலிலிருந்து இரண்டு மூன்று தெருக்களுக்குள் இரவெல்லாம் வெளியே நிற்கிற வண்டியில் போல்ட், கீல், கிளிப்பின் உலோகப் பகுதி எல்லாம் சீக்கிரம் துருவேறும். துரு பிடித்த பிடிமானம் லூசாகும். லூசான பிடிமானம் பேஸில் பேசும். ஆம்பின் எர்த் வயரைத் தகட்டோடு பிணைத்த இடத்திலும் துரு சேர்ந்தால், ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘ஊய்ய்’ என்று ஒரு விசில் ஏறும். ஸ்பீக்கரை மாற்றச் சொல்வார்கள். பெயிண்டைச் சுரண்டி, எர்த்தைப் புதிதாகப் பிணைத்து, மேலே கிரீஸ் தடவினால் தீருகிற விஷயமாக இருக்கும்.

சி.வி. ராமனும் கதவுத் தகடும்

இத்தனையும் செய்த பிறகும் ஆடுவது கதவுத் தகடும் கூரையும்தான். இங்கேதான் ஷீட்டுக்கு வேலை.

மிருதங்கத்தின் தொப்பியில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புவதைக் கலாக்ஷேத்ராவுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். தோலின் மேல் எடை ஏறினால் சுருதி இறங்கும், ஒலியின் குணமும் மாறும். மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன், மிருதங்கத்தின் வலந்தலையில் இருக்கும் கருஞ்சாந்து எப்படி அதன் ஒலியைச் சுருதி சுத்தமாக்குகிறது என்று 1934-ல் விரிவாக எழுதினார். கார் கதவில் ஒட்டும் ஷீட் செய்வது இதன் இன்னொரு வடிவம். பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய பட்டை அது. தகட்டுக்கு எடை கூடுவதால் ஆடும் சுருதி கீழே போகிறது. அதைவிட முக்கியமாக, தகடு வளையும்போது இரண்டு உலோகத்துக்கும் நடுவில் மாட்டிய ரப்பர் இழுபட்டு, ஆட்டத்தின் சக்தியைத் தின்று கொஞ்சம் சூடாக்கித் தீர்த்துவிடுகிறது. தட்டினால் ‘டொங்’ என்றது இப்போது ‘தொப்’ என்னும்.

இதில் ஏமாற இடம் நிறைய. பியூட்டைல் என்று சொல்லித் தார் ஷீட்டை ஒட்டிவிடுகிறவர்கள் உண்டு. சென்னையின் மே மாத வெயிலில் மூடிய காரின் தகடு கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். தார் இளகி வழியும், வண்டி முழுக்க ரோடு போடுகிற வாசனை வரும். வாங்குவதற்கு முன் ஒரு துண்டை மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஒட்டும்போது சின்ன ரோலரால் அழுத்தி உருட்ட வேண்டும். காற்றுக் குமிழ் இருந்த இடத்தில் ஷீட் இருந்தும் இல்லாததுதான். மூலை முடுக்கெல்லாம் போர்த்த வேண்டும் என்பதும் இல்லை. தகட்டின் நடுப்பகுதியில், பாதிக்கும் குறைவான பரப்பில் ஒழுங்காக ஒட்டினாலே பெரும் பலன் கிடைத்துவிடும். மிச்சம் ஒட்டுவது கடைக்கு லாபம், வண்டிக்குப் பாரம்.

ஒரே ஒரு எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் போட வேண்டும். கதவின் அடியில் மழைநீர் வடிய ஓட்டைகள் இருக்கும். அவற்றை ஷீட்டால் மூடிவிட்டால், கண்ணாடி வழியாக உள்ளே இறங்கும் தண்ணீர் அங்கேயே தேங்கும். நவம்பர் மழையில் கதவைச் சாத்தும்போது ‘சளக்’ என்றால் ஷீட் ஒட்டியவர் ஓட்டையையும் சேர்த்து ஒட்டிவிட்டார் என்று பொருள். அடுத்த வருஷம் கதவு கீழிருந்து துருப்பிடிக்கும்.

கதவு பேடைக் கழற்றியிருக்கும்போதே உள்ளே பூட்டுக்குப் போகிற கம்பி, வயர் கட்டு, ஸ்பீக்கர் கப்ளர் எல்லாவற்றிலும் ஃபெல்ட் டேப் சுற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஷீட்டைவிட அதிகச் சத்தத்தை நிறுத்துவது பல வண்டிகளில் இந்த டேப்தான். இந்தக் கவலை கடைகளுக்கு மட்டுமில்லை. பக்கத்திலேயே ஒரகடத்தில், உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிற ஊர் இது. சுற்றிலும் உள்ள கம்பெனிகளின் இன்ஜினீயர்கள் புது மாடலின் கீச்சையும் லடலடப்பையும் ஒழிக்க மாதக்கணக்கில் மண்டையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மின்சார வண்டிகள் வந்த பிறகு இன்ஜின் சத்தம் என்கிற போர்வையும் போய்விட்டது; ஒரு கிளிப் ஆடினால்கூடக் காதில் விழும். 2024 நவம்பரில் மஹிந்திரா தன் மின்சார கார்களைச் சென்னையில் அறிமுகம் செய்தபோது 16 ஸ்பீக்கர் செட்டையும் ஏ.ஆர். ரஹ்மான் அமைத்த ஒலிகளையும் பெருமையாகச் சொன்னது. அவ்வளவு ஸ்பீக்கருக்கும் ஆடாத கூட்டைத் தொழிற்சாலையிலேயே கட்டித் தருகிறார்கள். அப்படியொரு செட்டைப் பத்து வருஷப் பழைய வண்டியின் டிக்கியில் இறக்கிவிட்டு அதே சுத்தத்தை எதிர்பார்ப்பது நடக்காது.

5000 வாட் என்கிற கட்டுக்கதை

ஆம்ப் பெட்டியின் மேல் 5000 வாட் என்று அச்சிட்டிருக்கும். சின்ன வண்டியின் ஆல்டர்னேட்டர் 80 ஆம்பியர் தரும் என்று வைத்துக்கொண்டாலும், 14.4 வோல்ட்டில் பெருக்கினால் 1150 வாட்தான். அதிலிருந்துதான் ஹெட்லைட், ஏ.சி. விசிறி, இன்ஜின் எல்லாம் பிழைக்க வேண்டும். மிச்ச 3850 வாட் அட்டைப்பெட்டியில் மட்டும் இருக்கிறது. பார்க்க வேண்டியது, தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும் எண்ணைத்தான். அடிக்கு அடி ஹெட்லைட் மங்குகிறதென்றால், பேட்டரி கேட்டதைக் கொடுக்க முடியாமல் தவிக்கிறது.

லடலடப்பில் கணிசமான பங்கு, சப்பால் வருவதே இல்லை. கதவில் இருக்கும் ஆறரை இஞ்ச் ஸ்பீக்கருக்கும் 40 ஹெர்ட்ஸை அனுப்பி அதைத் திணறடிப்பதால் வருகிறது. ஆம்பிலேயே ஃபில்டர் இருக்கிறது. கதவு ஸ்பீக்கருக்கு 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாமல் வெட்டி, சப்புக்கு 80-க்கு மேலே போகாமல் வெட்டினால் கதவுகள் பாதி அடங்கிவிடும். கெயின் என்று எழுதிய திருகை வால்யூம் என்று நினைத்து முழுசாகத் திருப்பிவைப்பது அடுத்த பொதுத் தவறு. ஒலி தட்டையாக நசுங்கி, சப்பின் காயில் கருகி, வண்டிக்குள் வார்னிஷ் வாசனை வரும். மெயின் வயரில் பேட்டரிக்கு ஒன்றரை அடிக்குள் பியூஸ் இல்லாமல் எந்தக் கடைக்காரராவது வண்டியை வெளியே விட்டால், அந்தக் கடைக்குத் திரும்பிப் போகாதீர்கள். வயர் உரசினால் தீப்பிடிக்கும். இதில் விளையாட்டு இல்லை.

எவ்வளவு தூரம் போக முடியும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு அமெரிக்காவின் டெசிபல் பந்தயங்கள் இருக்கின்றன. 180 டெசிபலைத் தொட்டவர்கள் உண்டு. அந்த வண்டிகளில் தரையில் கான்கிரீட் ஊற்றி, கதவுகளைப் போல்ட் போட்டு முடுக்கி, கண்ணாடிக்குப் பதில் இஞ்ச் கணக்கில் தடித்த பலகை வைத்திருப்பார்கள். ஒரே ஒரு சுருதியைச் சில வினாடிகள் ஊதுவதோடு சரி. உலகிலேயே அதிகச் சத்தம் போடும் காரில் பாட்டுக் கேட்க முடியாது.

சட்டத்தின் காது

சரி, ஷீட் ஒட்டியாகிவிட்டது. லடலடப்பு போயிற்று. தெருவுக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. ஒரு சுவரோ கண்ணாடியோ ஒலியைத் தடுக்கிற திறன் சுருதி இறங்க இறங்கக் குறைந்துகொண்டே வரும். பாடகரின் குரலைக் கார்க் கண்ணாடி நன்றாகவே தடுக்கிறது. 40 ஹெர்ட்ஸை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. வெளியே வெறும் ‘தும் தும்’ மட்டும் கேட்பதற்கு இதுதான் காரணம். சில மில்லிமீட்டர் ரப்பரால் அதைப் பிடித்து வைக்க முடியாது. இன்னும் சொன்னால், தன் வண்டியின் லடலடப்பு நின்ற சந்தோஷத்தில் உரிமையாளர் வால்யூமை இன்னும் இரண்டு புள்ளி ஏற்றுவார்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் என்று எல்லை வைத்திருக்கின்றன. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி லஹோட்டி, நீதிபதி அசோக் பான் அமர்வு, நிம்மதியாக இருப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்று விரிவான தீர்ப்பு கொடுத்தது. எல்லாம் சரி. ஆனால் அந்த டெசிபல் எப்படி அளக்கப்படுகிறது? ‘ஏ’ என்கிற எடைக்கணக்கில். மனிதக் காது மென்மையான ஒலிகளில் தாழ்ந்த சுருதிகளை மட்டமாகக் கேட்கும் என்பதால் மீட்டரும் அவற்றைக் கழித்துக்கொள்கிறது. 40 ஹெர்ட்ஸில் கழிவு கிட்டத்தட்ட 35 டெசிபல்.

ஒரு கணக்கு. காருக்கு வெளியே ஒரு மீட்டரில் 40 ஹெர்ட்ஸ் அடி 100 டெசிபல் இருக்கிறது, நடுத்தரமான செட்தான். திறந்த வெளியில் 20 மீட்டர் தள்ளியிருக்கும் ஜன்னலுக்கு வரும்போது 74 ஆகும். மீட்டர் அதில் 35-ஐக் கழித்து 39 என்று காட்டும். இரவு எல்லை 45. ஆக, சட்டப்படி அமைதி நிலவுகிறது. இன்னும் பெரிய செட், 120 டெசிபல் என்றால் ஜன்னலில் 94. கண்ணாடி ஆடத் தொடங்கும். மீட்டரோ 59 என்று, இரண்டு பேர் சாதாரணமாகப் பேசிக்கொள்கிற அளவைக் காட்டும். பாட்டில் மேல்சுருதிகளும் இருப்பதால் நிஜ அளவு கொஞ்சம் கூடலாம். ஆனால் தூக்கத்தைக் கெடுக்கிற பகுதியைத்தான் அந்த மீட்டர் கேட்காமல் விடுகிறது.

ஜப்பானின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2004-ல் தாழ்சுருதித் தொல்லைகளுக்கென்றே ஒரு கையேடு போட்டது. தொழிற்சாலை இயந்திரம், குளிர்சாதனம் போன்ற ஓரிடத்தில் நிற்கிற மூலங்களுக்கானது அது, காருக்கானது இல்லை. என்றாலும் அதன் எண்கள் யோசிக்க வைக்கின்றன. 40 ஹெர்ட்ஸுக்கு வீட்டுக்குள் 57 டெசிபலைத் தாண்டினாலே புகாரில் நியாயம் இருக்கலாம் என்கிறது. இதை நம் ‘ஏ’ மீட்டர் 22 என்று படிக்கும். அந்தச் சுருதியில் 51 டெசிபலுக்குக் கீழே சராசரிக் காதுக்கு எதுவும் கேட்காது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், கேட்க ஆரம்பித்ததுமே எரிச்சல் ஆரம்பித்துவிடுகிறது என்று புரியும். நடுச்சுருதியில் சத்தம் இரண்டு மடங்காகத் தோன்ற 10 டெசிபல் ஏற வேண்டும். அடிச்சுருதியில் அதைவிடக் குறைந்த ஏற்றமே போதும்.

வேறு இடங்களிலும் தடுமாறியிருக்கிறார்கள். ஃபுளோரிடாவில் 25 அடி தூரத்தில் தெளிவாகக் கேட்டாலே அபராதம் என்று சட்டம் இருந்தது. மீட்டரே வேண்டாம், போலீஸ்காரரின் காது போதும். 2012-ல் மாநில உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. வியாபார, அரசியல் வண்டிகளுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருந்தார்கள் என்பது முக்கியக் காரணம். தேர்தல் நேரத்து ஆட்டோக்களோடு வாழ்கிற நமக்கு இதற்கு விளக்கவுரை வேண்டாம். கேரளத்தில் 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரியில் சுற்றுலாப் பேருந்து மோதி ஒன்பது பேர் இறந்த பிறகு, லேசர் விளக்கும் ராட்சத ஸ்பீக்கருமாக ஓடிய பேருந்துகள் மேல் கடும் சோதனை வந்தது. விபத்துக்குக் காரணம் வேகம். ஆனால் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு டிஸ்கோ எதற்கு என்கிற கேள்வி அப்போது எழுந்தது. பேஸில் பின்னால் பார்க்கும் கண்ணாடி நடுங்கினால் பின்வரும் வண்டியின் விளக்கு ஒன்று நான்காகத் தெரியும். 108 ஆம்புலன்ஸின் சைரன் கேட்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2)-ஆம் பிரிவு ஒலித் தரங்களை மீறும் வண்டிக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. நடைமுறையில் அது பிடிப்பது மாற்றிவைத்த சைலன்ஸரைத்தான். டிக்கி ஸ்பீக்கர், கல்யாண மண்டபத்தை நினைத்து எழுதிய விதிக்கும் சைலன்ஸரை நினைத்து எழுதிய விதிக்கும் நடுவில் தப்பிவிடுகிறது.

இதில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெசன்ட் நகரில் சத்தம் என்றதும் பலருடைய விரல் பக்கத்து மீனவர் குடியிருப்பான ஊரூர் ஆல்காட் குப்பத்தின் பக்கம் நீளும். 2015-ல் அங்கே பாடகர் டி.எம். கிருஷ்ணா, சூழலியல் செயல்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமன் முதலானோர் குப்பத்து மக்களோடு சேர்ந்து விழா நடத்தியபோது, கர்நாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில் ஒலித்தன. திருவிழா உருமி ஆண்டுக்குச் சில நாள். பல லட்ச ரூபாய்க் காரின் டிக்கி வாராவாரம். புகார் மட்டும் ஏன் உருமி மேல் சீக்கிரம் போகிறது என்பதை அடுக்குமாடிச் சங்கங்கள் யோசிக்கலாம்.

இன்றிரவுக்கு

தூங்க முடியாதவருக்கு ஒரு வழி: போனில் இருக்கிற டெசிபல் ஆப்பில் ‘ஏ’யை ‘சி’யாக மாற்றிப் பாருங்கள். ‘சி’ கணக்கு அடிச்சுருதியை அவ்வளவாகக் கழிக்காது. இரண்டுக்கும் வித்தியாசம் 20 டெசிபல் வந்தால் பிரச்சினை பேஸ்தான் என்று தெளிவாகிவிடும். போன் மைக் நீதிமன்றத்துக்குப் போகாது. ஆனால் 100-க்கு அழைத்துப் பேசும்போதோ, சங்கக் கூட்டத்திலோ, ‘சத்தமே இல்லையே சார்’ என்பவருக்குக் காட்ட உதவும். இரண்டு எண்ணையும் நேரத்தையும் சேர்த்துக் குறித்து வையுங்கள்.

கார்க்காரருக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. பல ஆம்ப்களோடு, நீளமான வயரில் சின்னக் குமிழ் ஒன்று வரும். பேஸை மட்டும் தனியாகக் கூட்டிக் குறைப்பது அது. கடைக்காரர் பெரும்பாலும் அதைப் பெட்டியோடு கொடுத்துவிடுவார், அல்லது ஆம்புக்குப் பக்கத்திலேயே சுருட்டி வைத்துவிடுவார். அதை ஸ்டியரிங்குக்குக் கீழே கையெட்டும் இடத்தில் பொருத்தச் சொல்லுங்கள். ஓ.எம்.ஆரில் முழுசாக வைத்துக்கொண்டு வாருங்கள். இரண்டாவது அவென்யூ சிக்னலில் ஆறு டெசிபல் குறையுங்கள்; பாட்டு அப்படியே இருக்கும், காற்றழுத்தம் பாதியாகும். காரை நிறுத்திக் கதவைத் திறக்கும் முன் குமிழைக் கடைசி வரை இடப்பக்கம் திருப்பிவிடுங்கள். கதவு திறந்த பிறகு அந்த பேஸ் உங்களுக்கும் கிடைக்கப்போவதில்லை.